ஃபின்னில் ஒரு மயிரிழை

"அளக்குற கருவி எந்த வண்டிக்கு அண்ணே?" என்று கேட்டார் டூல்ஸ் கடைக்காரர்.

"வண்டிக்கில்லங்க. வாட்டர் ஸ்கீக்கு. தண்ணியில சறுக்குற பலகை. அதுக்கு அடியில மீனுக்கு இருக்குற மாதிரி ஒரு தகடு இருக்கும், ஃபின்னும்பாங்க. அத மயிரிழை நகட்டி, அளந்து பாக்கணும்."

கடைக்காரர் ஞானசீலனை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு மொதல்ல மதுரையில தண்ணி வேணுமே அண்ணே!"

ஞானசீலன் கோபித்துக்கொள்ளவில்லை. கோர்ட்டில் குமாஸ்தா. வாய்தா மேல் வாய்தா வாங்கும் ஆட்களோடு பழகிப் பழகி, எடுத்த காரியத்தில் தீர்ப்பு வரும்வரை நகர மாட்டான்.

காரியம் இதுதான். அவன் மனைவி ஹெப்சிபா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். சனிக்கிழமை மாநில வாட்டர் ஸ்கீ அணிக்குத் தேர்வு. ஆறு மிதவைகளையும் சுற்றி வர வேண்டும். அவளோ பயிற்சியில் மூன்றாவது மிதவையிலேயே விழுந்துகொண்டிருந்தாள். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். சாயங்காலம் அவள் தலையைத் துவட்டும் சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொள்வதை ஞானசீலனால் பார்க்க முடியவில்லை.

பயிற்சி, வாடிப்பட்டிப் பக்கம் நிரம்பிக் கிடந்த ஒரு கண்மாயில். தெரிந்த விடுதிக்காரர் இரவல் கொடுத்த மோட்டார் போட்டை ஞானசீலன் ஓட்டுவான். பின்னால் கயிற்றைப் பிடித்தபடி ஹெப்சிபா பலகையில் வருவாள். சறுக்குகிறவரைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் போட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மாமியார் ரூத் இருந்தார். மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு பேசுவது அவர் வழக்கத்திலேயே கிடையாது.

கோளாறு ஃபின்னில்தான் என்று செல்போனில் பார்த்த வீடியோ அடித்துச் சொன்னது. அளக்கும் கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். விலையைப் பார்த்ததும் ஞானசீலன் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

ஆகவே, கடையில் இருந்ததிலேயே மலிவான, கவ்விப் பிடித்து அளக்கும் டிஜிட்டல் காலிப்பரை வாங்கினான். அதன் வாய் ஃபின்னைக் கவ்வவில்லை. தோராயமாக அளந்து, தோராயமாக நகட்டினான்.

மறுநாள் காலை, பலன் தெரிகிறதா என்று ஆவலோடு திரும்பிப் பார்த்தான். ஹெப்சிபா இரண்டாவது மிதவையில் தொபுக்கென்று விழுந்தாள்.

"என்னங்க, முன்னைக்கு இப்ப மோசமால்ல இருக்கு!"

"கவலப்படாத. காலிப்பர் வாயில பிளவு வெட்டுனாச் சரியாப்போகும்."

லேத் பட்டறை அருள்பாண்டி காலிப்பரின் வாயில் அழகாகப் பிளவு வெட்டிக் கொடுத்தார். ஃபின்னைக் கச்சிதமாகக் கவ்வியது. ஆனால் என்ன அளந்தாலும் பூஜ்யம்தான் காட்டியது.

"சூட்டுல உள்ள இருக்குற சர்க்யூட்டு போயிருச்சு போல மாப்ள. ஆனா பாரு, பூஜ்யத்துல ஒரு நூல் கூட ஏறி எறங்கல!"

ஞானசீலன் அசரவில்லை. பைக் மெக்கானிக்கிடம் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இரவல் வாங்கி, அதன் மெல்லிய தகடு ஒன்றை அண்டக்கொடுத்து ஃபின்னை நகட்டினான். மலிவு ஆலன் கீ திருகின் தலையை வழித்துவிட்டது. வழிந்த திருகைக் கழற்றப் போய்ப் பலகையில் ஒரு கீறல். அதை மறைக்க எம்-சீல்.

அன்று ஒரு தரத்துக்கு மூன்று தரம் திரும்பிப் பார்த்தான். ஹெப்சிபா முதல் மிதவையிலேயே விழுந்தாள்.

கரையேறியவள் பலகையைப் புல்லில் போட்டாள். "விட்டுருவோம்ங்க. எனக்கு அம்புட்டுத்தான் போல."

"நீ சும்மா இரு. நான் விடப்போறதில்ல."

அரைநாள் லீவு போட்டு மறுபடி பட்டறைக்கு ஓடினான். அருள்பாண்டியும் இப்போது இதைத் தன் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டிருந்தார். கையால் நகட்டும் பழைய வெர்னியர் காலிப்பர் ஒன்றைத் தேடி எடுத்து, வாயைப் பிளந்து, பொறுமையாக ராவிக் கொடுத்தார். புதுத் திருகும் போட்டார். பலகையைத் தயாரித்த கம்பெனி சொன்ன அளவில் ஃபின் அப்படியே வந்து உட்கார்ந்தது. ஞானசீலனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. கடைசிப் பயிற்சி. போட் சீறிக்கொண்டு கிளம்பியது. ஞானசீலன் இடதுபக்கமாகத் திரும்பிப் பார்த்தான். பிறகு பார்வையை எடுக்கவே இல்லை. கயிறு தொய்ந்தது. முதல் மிதவை வரும் முன்பே ஹெப்சிபா குப்புற விழுந்தாள்.

ஞானசீலன் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "ஃபின்னும் சரியா இருக்கு, அளவும் சரியா இருக்கு. இன்னும் எதத்தான் அத்தை சரி பண்ண?"

கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லாத ரூத், லைஃப் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க மாப்ள, அவளப் பாக்கத்தான் நான் இருக்கேன்ல... நீங்களும் திரும்பித் திரும்பி அவளையே பாத்தா, ஒங்க கூடச் சேந்து போட்டும்ல திரும்புது!"