ஞ கவுண்டர்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கோப்புகள் மேஜை விட்டு மேஜை ஓடின. மின்விசிறி ஓடியது. சுவர்க் கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடியது. மாலை நேரத்தில் அது எல்லோருக்கும் வசதியாக இருந்ததால் யாரும் அதைத் திருத்தவில்லை.

அங்கே வேலை பார்த்த ஒருவரை எல்லோரும் முத்திரை என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக விண்ணப்பங்களின் மேல் 'பார்வையிடப்பட்டது' என்று முத்திரை குத்துவதுதான் அவர் வேலை. உண்மையிலேயே பார்வையிட்டாரா என்று யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட வலது கை மேஜையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தட்டுக்குப் போகும்.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. ஊழியர்களின் பொது அறிவு கவலைக்கிடமாக இருப்பது மேலிடத்தின் மேலான கவனத்துக்கு வந்திருக்கிறதாம். ஆகவே ஆளுக்கொரு எழுத்து ஒதுக்கப்படும். அந்த எழுத்தில் தொடங்கும் உலகத்துப் பொருள்கள் அனைத்தையும் பற்றி அந்த ஊழியர் அறிந்திருக்க வேண்டும். மொத்த ஊழியர்களும் சேர்ந்தால் மொத்த அறிவும் அலுவலகத்துக்குள் வந்துவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ண, ழ, ள, ற, ன போன்ற, எந்தச் சொல்லும் தொடங்காத எழுத்துகளை மேலதிகாரிகள் பெருந்தன்மையோடு தாங்களே எடுத்துக்கொண்டார்கள். பிரிவுத் தலைவருக்கு ழ கிடைத்தது. அன்று மாலையே அவர் தன் பாடத்தை முழுவதும் முடித்துவிட்டார்.

உயிரெழுத்துகளைத் தலைமை அலுவலகமே வைத்துக்கொண்டது. மீதி ஒன்பது எழுத்துகளுக்கு ஒன்பது கவுண்டர் ஊழியர்கள். எழுத்துச் சீட்டுகளைத் தட்டில் பரப்பி வைத்த அன்று முத்திரை விடுப்பில் இருந்தார். கடைவாயில் முளைத்த ஞானப்பல்லைப் பிடுங்க மருத்துவமனைக்குப் போயிருந்தார். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தபோது எல்லோரும் நல்ல எழுத்தாகப் பார்த்து எடுத்துக்கொண்டுபோக, தட்டில் மிஞ்சிக் கிடந்தது ஞ.

டைப்பிஸ்டுக்கு க கிடைத்திருந்தது. காகம், கடல், கண்ணாடி, கரப்பான்பூச்சி என்று அவள் ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் எழுதிவிட்டாள். முத்திரை மதியம்வரை யோசித்து ஞாயிறு என்று எழுதினார். அதற்குமேல் அன்றைக்கு எதுவும் வரவில்லை.

வீட்டில் மனைவியிடம் முறையிட்டார். அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஆயிரம் மருந்துப் பெயர்களை மனப்பாடமாக வைத்திருப்பவள்.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஞ ஞானப்பல். அதையும் நேத்துப் பிடுங்கிட்டு வந்துட்டீங்க" என்றாள் அவள்.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே நூலகத்திலிருந்து தலையணை மாதிரி ஒரு பழைய அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே போனவர் திரும்பவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். நாய்க்கு ஞமலி என்று ஒரு பெயர் இருந்தது. நண்டுக்கு ஞெண்டு. தேனீக்கு ஞிமிறு. போருக்கு ஞாட்பு, உலகத்துக்கு ஞாலம், வில்லின் நாணுக்கு ஞாண். உலகத்தில் ஞ பஞ்சம் என்று நினைத்தது தன் அறியாமை என்று அவருக்குப் புரிந்தது. நண்டுக்குப் பத்துக் கால், தேனீக்கு ஐந்து கண், ஞாயிற்றின் வெளிச்சம் பூமிக்கு வர எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகிறது என்றெல்லாம் நோட்டில் எழுதினார். பல் துலக்கும்போதும் படித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாகத் தனக்கு ஏதோ ஒன்று தெரியும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அது மோசமான போதை.

இத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் பெற்ற அறிவு பொதுமக்களையும் சென்றடைய வேண்டும். ஆகவே விண்ணப்பதாரரிடம் அந்தந்தக் கவுண்டரின் எழுத்தில் ஒரு கேள்வி கேட்டு, சரியான விடை பெற்ற பிறகே கோப்பை நகர்த்த வேண்டும். தவறினால் ஏழு நாள் கழித்து மறுவாய்ப்பு. எழுத்து வரிசைப்படி கவுண்டர்கள் மாற்றப்பட்டன. முத்திரை மூன்றாவது கவுண்டரில் உட்கார்ந்தார். வருகிறவர்களுக்கு டோக்கன். எந்த எண் வருகிறதோ அதுதான் கவுண்டர், மாற்றக் கூடாது.

டைப்பிஸ்ட் "காகம் என்ன நிறம்?" என்று கேட்டுக் கேட்டு ஒரு நாளைக்கு நாற்பது பேரை அனுப்பினாள். மூன்றாவது கவுண்டருக்கு எதிரே இருந்த பெஞ்ச் நிறைந்தது. பிறகு இன்னொரு பெஞ்ச் வாங்கிப் போட்டார்கள்.

அந்தப் பெஞ்சில் முதலில் உட்கார்ந்தவர் ஒரு சலவைக்கடைக்கார அம்மா. கடையின் பழைய குழாய் துருப்பிடித்து அடைத்துவிட்டது. புது இணைப்புக்கு எல்லாத் தாளும் கொடுத்துவிட்டார். முத்திரை ஒன்றுதான் பாக்கி.

"ஞமலி என்றால் என்ன?" என்று கேட்டார் முத்திரை.

அந்த அம்மா யோசித்தார். "யாரோ பொண்ணு பேரு மாதிரி இருக்கு சார்."

"தவறு. ஞமலின்னா நாய்."

"நாயை நாய்னே கேட்டிருக்கலாமே?"

"அது ந. அஞ்சாவது கவுண்டர்" என்று பொறுமையாக விளக்கினார் முத்திரை.

அடுத்த வாரம் அந்த அம்மா ஞமலியைப் படித்துக்கொண்டு வந்தார். இவர் ஞெண்டைக் கேட்டார். அதற்கடுத்த வாரம் ஞெண்டோடு வந்தார்; இவர் ஞாட்புக்குப் போய்விட்டார். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது தன் படிப்புக்கு இழுக்கு என்று அவர் நினைத்தார். எதிரே இருப்பவர் விழிக்கும்போது உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு ஓடியதையும் மறைக்க வேண்டியதில்லை. பெஞ்சில் இருப்பவர்கள் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கேள்விகளை எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர், வீட்டுக்குக் குழாய் கேட்டு வந்தவர், கலர் பேனாவால் அடிக்கோடு போட்டார்.

மூன்றாவது மாதம் சலவைக்கடை அம்மா ஞிமிறுக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டார். "தேனீ சார். அஞ்சு கண்ணு."

முத்திரைக்கு எங்கோ இடித்தது. கை முத்திரைக் கட்டைவரை போயிற்று. ஆனால் அகராதி நினைவுக்கு வந்தது. "வண்டுன்னும் ஒரு பொருள் இருக்கு. பதில் முழுமையா இல்லை" என்றார். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். முத்திரை அன்று முழுக்க அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தார்.

வீட்டில் இன்னொரு பிரச்சினை வளர்ந்துகொண்டிருந்தது. அழுக்குத் துணி நாற்காலியைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, ஜன்னல்வரை வந்துவிட்டது. ஒருநாள் காலையில் முத்திரை கசங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டே இதைப்பற்றி எரிந்து விழுந்தார்.

"லாண்டரி மூடி மூணு மாசமாச்சு. நீங்க அந்த அகராதியை விட்டுத் தலையைத் தூக்கினாத்தானே தெரியும்" என்றாள் மனைவி. "பாவம் அந்தம்மா. கடையில தண்ணி இல்லை. ஏதோ ஆபீஸ்ல ஒரு கிறுக்கன் உட்கார்ந்துகிட்டு வாராவாரம் நாய் பேரு, நண்டு பேரு கேட்டுத் திருப்பி அனுப்புறானாம். வேலைக்கு இருந்த ரெண்டு பேரையும் நிறுத்திட்டாங்க. இந்த மாசத்தோட கடையைக் காலி பண்ணப்போறாங்களாம்."

முத்திரை பொத்தானை மாற்றிப் போட்டார். கழற்றி மறுபடியும் மாற்றியே போட்டார். "எந்த ஆபீஸாம்?" என்று கேட்டார்.

"தெரியல. உங்களுக்கு யாராவது தெரிஞ்சவங்க இருந்தா சொல்லி முடிச்சுக் கொடுங்களேன்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வழியெல்லாம் அந்தக் கிறுக்கனுக்காக வாதாடிப் பார்த்தார். சுற்றறிக்கை எண், தேதி, பத்தி உட்பட எல்லா ஆதாரமும் கையில் இருந்தது. ஆனாலும் வழக்கு நிற்கவில்லை.

அன்றைக்கென்று பார்த்து இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். ஒன்பது எழுத்தும் கவுண்டர் முன்னால் வரிசையாக நின்றன. கேள்விகள் பறந்தன, பதில்கள் தவறாமல் வந்தன. முத்திரை ஞாழல் என்பது ஒரு மரம் என்று சொன்னபோது கைதட்டல் எழுந்தது. வழக்கமாக அது அவருக்கு இனித்திருக்கும். இயக்குநர் மகிழ்ந்துபோய்க் கை கழுவப் போனார். சோப்புப் போட்டதும் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. சோப்பு நுரையோடு திரும்பி வந்தவர் முகம் மாறியிருந்தது.

"ஒரு குழாய் இணைப்பு எத்தனை நாளில் கொடுக்கணும்னு விதி?" என்று கேட்டார்.

டைப்பிஸ்ட், இது க-வில் வராது என்று பணிவாகத் தெரிவித்தாள். நான்காவது கவுண்டர்காரர், தண்ணீர் என்று கேட்டிருந்தால் தன்னுடையது, குழாய் என்றதால் முதல் கவுண்டருடையதுதான் என்றார். இருவருக்கும் சிறு வாக்குவாதம் நடந்தது. பிரிவுத் தலைவர் ழ-வில் இதற்கு இடமில்லை என்று வருத்தம் தெரிவித்தார். இருபத்திரண்டு வருஷம் அந்த விண்ணப்பங்கள்மேல் குத்தியிருக்கிறார் முத்திரை, அவருக்கும் தெரியவில்லை.

"முப்பது நாள்" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. சலவைக்கடை அம்மாதான். "அந்தத் தூணுக்குப் பின்னால ஒட்டியிருக்கு சார். மூணு மாசமா அதுக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கேன்."

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். திட்டம் பொதுமக்களைச் சென்றடைந்ததற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று அறிவித்து, ஊழியர்களுக்கு வைத்திருந்த பொது அறிவுக் கேடயத்தை நுரைக் கையாலேயே அந்த அம்மாவிடம் கொடுத்தார். படம் எடுத்தார்கள். அந்த அம்மா தன் இணைப்பைப்பற்றிக் கேட்டார். முப்பது என்பது ம-வில் தொடங்குவதால் மூன்றாவது கவுண்டரில் அந்த விடையை ஏற்க முடியாது என்று பிரிவுத் தலைவர் விளக்கினார். அந்த அம்மா கேடயத்தோடு பெஞ்சுக்கே திரும்பினார்.

எல்லோரும் இயக்குநரை வழியனுப்பப் போனபோது முத்திரை மட்டும் தன் இடத்துக்கு வந்தார். கோப்பைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விண்ணப்பத்தை முழுக்கப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. முத்திரை குத்தினார். சத்தம் கேட்டு அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கேள்வி எதுவும் கேட்கலையே சார்?"

"போங்கம்மா" என்றார் முத்திரை.

நான்காம் நாள் சலவைக்கடையில் தண்ணீர் வந்தது. ஐந்தாம் நாள் முத்திரைக்கு மெமோ வந்தது. கேள்வி கேட்காமல் கோப்பை நகர்த்தியதற்கான காரணத்தை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். விதிப்படி காரணமும் அவரவர் எழுத்திலேயே தொடங்க வேண்டும்.

நியாயம் என்று எழுதலாம், அது ந. மனசாட்சி என்றால் ம. முத்திரை வெகுநேரம் யோசித்து, 'ஞாபகமறதி' என்று ஒரே ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தார். மேலிடம் அதை ஏற்றுக்கொண்டதோடு, தன் எழுத்துக்குள் நின்று பிழையின்றி விளக்கமளித்த முதல் ஊழியர் என்று பாராட்டுக் கடிதமும் அனுப்பியது. முத்திரை அதை மனைவியிடம் காட்டவில்லை. லாண்டரிக்காகத் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி முடித்துவிட்டதாக மட்டும் சொன்னார். அவள் அன்று சந்தோஷமாக இருந்தாள்.

அடுத்த மாதம் இயக்குநர் மாற்றலாகிப் போனார். புதியவர் வந்த அன்றே கேள்விகளை ரத்து செய்தார். நிலுவையிலுள்ள எல்லா விண்ணப்பங்களுக்கும் ஒரு வாரத்துக்குள் இணைப்பு என்று உத்தரவு போட்டார். முத்திரை அதை மூன்றாவது கவுண்டர்முன் உரக்கப் படித்தார். இரண்டு பெஞ்சிலும் சுவரோரத்திலுமாக நாற்பத்தொரு பேர். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

ரயில் டிரைவர்தான் எழுந்தார். கையில் தடித்த நோட்டு. "மூணு மாசம் ராப்பகலாப் படிச்சிருக்கேன். எனக்குப் பின்னால டோக்கன் வாங்கினவன், ஞமலின்னா என்னன்னே தெரியாதவன், அவனுக்கும் எனக்கும் ஒரே நாள்ல குழாயா? அப்போ எங்க படிப்புக்கு என்ன சார் மரியாதை?"

பெஞ்ச் முழுவதும் ஆமாம் என்றது. கேள்விகளை மறுபடி கொண்டுவரும்வரை இணைப்பு வேண்டாம் என்று மனுப் போடுவதென்று அங்கேயே முடிவாயிற்று. யாருக்கும் மனு எழுதத் தெரியவில்லை. எல்லோரும் முத்திரையைப் பார்த்தார்கள்.

முத்திரை சலவைக்கடையில் வெளுத்த சட்டை போட்டிருந்தார். இவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு நாளையிலிருந்து தன்னிடம் யாரும் எதையும் பயந்து பயந்து சொல்லப்போவதில்லை என்பதும் தோன்றியது. தாளை இழுத்து வைத்துக்கொண்டார். மேன்மை தங்கிய, பேரன்பு கூர்ந்து, பொதுமக்கள் நலன் கருதி என்று பேனா தானாக ஓடியது. நாற்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பத்திரண்டாவதாக அவரும் போட்டார்.

மனு உடனே ஏற்கப்பட்டது. பரிசீலனை முடியும்வரை புதிய உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு பக்க மனுவில், தங்கள் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்பதைக் குறிப்பிட அந்த நாற்பத்தொரு பேரும் மறந்துவிட்டார்கள். முத்திரைக்கு அது எழுதும்போதே தெரியும். அவர் ஞாபகப்படுத்தவில்லை.