சிறுத்தையின் இடது பக்கம்

கரட்டுப்பட்டிக்குப் போகும் சாயங்கால பஸ் கூட்ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. நடுவில் ஒரு பாறை. பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பாறைமேல் ஒரு சிறுத்தை கால் நீட்டிப் படுத்திருக்கும். இதுவரை அது யாரையும் ஒன்றும் செய்ததில்லை. இனியும் செய்யாது என்று எழுதிக் கொடுக்கவும் இல்லை.

பஸ்ஸை ஊருக்குள் விடும்படி ஊரார் கொடுத்த மனுவைச் சந்திரமோகன் என்ற போக்குவரத்துக் கழக அதிகாரி பரிவுடன் பரிசீலித்து, "சிறுத்தைக்குத் தக்க ஆதாரம் இணைக்கப்படவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

பென்னாகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹுமேராவுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவும் கையுமாகக் கிளம்பாவிட்டால் தலை வலிக்கும். ஒகேனக்கல் மீன்கொத்தி, சித்தேரி மலைப் பனி எல்லாம் எடுத்திருக்கிறாள். அவள் எடுத்ததிலேயே பெரிய மிருகம் ஓர் எருமை. தையல் வேலைக்கு டவுனுக்கு வந்துபோகும் கரட்டுப்பட்டி தீர்த்தம்மாள் ஒரு நாள் கடையில் வந்து நின்றாள்.

"மீன்கொத்தி எங்கயும் போவாது கண்ணு. எங்க ஊரு சிறுத்தைய ஒரு போட்டோ புடிச்சுக் குடு. பொம்பளைங்க நாங்க தெனமும் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வூடு போறோம்."

ஹுமேரா போனாள். புளியமரத்துக்குப் பின்னால் நின்று எடுத்தாள். வந்த படத்தைப் பார்த்துத் தானே அசந்துபோனாள். மீசை முடியை எண்ணலாம் போலிருந்தது.

சந்திரமோகன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல இடது பக்கம் மட்டும்தானேம்மா தெரியுது?"

"அது அப்படித்தாங்க சார் படுத்திருந்துச்சு."

"வலது பக்கமும் சிறுத்தைதான்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

நியாயமான சந்தேகம். அடுத்த ஞாயிறு ஹுமேரா வலது பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சரி. இது நம்ம சிறுத்தையா, கர்நாடகா சிறுத்தையா?"

"காட்டுல இருந்து வருதுங்க சார்."

"காடு அந்தப் பக்கமும் இருக்கே. வெளி மாநிலச் சிறுத்தைக்கு நாங்க டீசல் போட முடியுமா?"

மூன்றாவது ஞாயிறு சிறுத்தையே இரக்கப்பட்டிருக்க வேண்டும். 'கரட்டுப்பட்டி 1' என்று தமிழில் எழுதிய மைல்கல்லை அது முகர்ந்துகொண்டிருந்தபோது படம் கிடைத்தது. அதைக் கண்டதும் அதிகாரியின் முகம் மலர்ந்தது.

இதற்குள் இன்னொரு சங்கடம். ஹுமேரா ஒரு படத்தை இணையத்தில் போட்டுவிட்டாள். மறு வாரமே, காட்டோடு காடாகக் கலந்து மறைவதற்காக இலை அச்சடித்த சட்டை போட்ட முப்பது பேர், பளபளக்கும் சிவப்புக் கார்களில் வந்து இறங்கினார்கள். ஆளுயர லென்ஸ்களைப் பாறையைப் பார்த்து நட்டார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிய தீர்த்தம்மாளைப் பார்த்து, "ஃப்ரேமுக்குள்ள வராதீங்கம்மா, சிறுத்தை டிஸ்டர்ப் ஆயிரும்" என்று அதட்டினார்கள்.

உத்தரவு வந்தது. "மேற்படி தடத்தில் சிறுத்தை நடமாட்டம் ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்டுள்ளபடியால், பயணிகளின் உயிர்ப் பாதுகாப்பை முன்னிட்டு, கூட்ரோடு வரை செல்லும் பஸ்ஸும் இன்று முதல் நிறுத்தப்படுகிறது."

பயணிகள் உயிர்ப் பாதுகாப்போடு மெயின் ரோட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் நடந்தார்கள். அதே பாறை வழியாகத்தான்.

"நல்லாத்தான் எடுத்த கண்ணு. ரொம்ப நல்லா எடுத்துட்ட" என்றாள் தீர்த்தம்மாள். திட்டியிருந்தால்கூட ஹுமேராவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அதே மூன்று படங்களையும் எடுத்துக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், இது பூனைங்க." முதல் படத்தை மேசைமேல் வைத்தாள். வாழ்நாளில் எடுத்த மிகச் சிறந்த படம்.

"பெருசா இருக்கேம்மா?"

"கிட்டப் போயி எடுத்தேங்க சார்."

"புள்ளி?"

"மர நெழலுங்க."

சந்திரமோகன் நிம்மதியாகச் சாய்ந்தார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்."

"மேற்படி விலங்கு பூனை எனத் தெளிவுபடுத்தப்பட்டுள்ளபடியால், ஆபத்தற்ற இத்தடத்தில் பஸ் ஊருக்குள்ளேயே சென்று திரும்பலாம்." அரசு முத்திரையோடு பூனை என்று வந்த பிறகு அதைப் பார்த்து வியக்க இலைச் சட்டைக்காரர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. வேறு காடு தேடிப் போனார்கள்.

முதல் நாள் பஸ்ஸுக்கு மாலை போட்டிருந்தது. முன் சீட்டில் சந்திரமோகன். படம் எடுக்க ஹுமேரா. பாறையருகே வந்ததும் டிரைவர் மாதேஷ் சடாரென்று பிரேக் போட்டார். சிறுத்தை இறங்கி, ரோட்டின் நடுவில் நின்று, பஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தது.

எல்லோரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"பூனை குறுக்க வந்துருச்சு. சகுனம் சரியில்ல. செத்த நின்னு போலாம். ஜன்னலையெல்லாம் மூடிக்கங்க."

"ஆமாங்க, பூனைதாங்க" என்றபடி அத்தனை பேரும் அவசர அவசரமாக மூடினார்கள்.

இவ்வளவு கிட்டத்தில் அது இதுவரை வந்ததில்லை. ஹுமேராவின் கை தானாகவே கேமராவைத் தூக்கியது. பக்கத்திலிருந்த தீர்த்தம்மாள் லென்ஸை உள்ளங்கையால் பொத்தினாள்.

"கீழ வை கண்ணு. பூனையப் போயி யாராச்சும் போட்டோ புடிப்பாங்களா?"