புளியமரத்தடியில் நின்ற மோட்டார்

மோட்டார் வண்டி என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்காகச் செய்யப்பட்டது என்றொரு தப்பெண்ணம் ஜனங்களிடையே பரவியிருக்கிறது. சைகோன் தோணித்துறை அனுமதி இலாகாவின் தலைமைக் குமாஸ்தாவான காரைக்கால் எட்மோன், அதாவது அடியேன், ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வண்டி வாங்கும் புத்தி எனக்குத் தானாக வந்ததல்ல. அந்த வருஷம் சைகோனில் குடியேறிய நம் தமிழர்களிடையே ஒரு மோஸ்தர் கிளம்பியிருந்தது. பெண் வீட்டில் மோட்டார் உண்டா என்று கேட்ட பிறகுதான் பெண்ணுக்கு என்ன வயசு என்றே கேட்டார்கள். என் மகள் ஜூலியேத்துக்கு மைத்தோ என்ற வெளியூரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையனை மாதா திருநாளில் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. பையனின் அப்பா மிஷேல் அங்கே விறகு இலாகாவில் தலைமைக் குமாஸ்தா. தாயார் மாரி-ரோஸ் அம்மாள், தங்களிடம் மோட்டார் இருப்பதால் சம்பந்தி வீட்டிலும் இருந்தால்தான் சரிப்படும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் மனைவி மார்கரித் அன்றிலிருந்து எனக்குச் சோறு போடும்போதெல்லாம் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் பழைய துரை பிரான்சுக்குப் புறப்பட்டார். அவருடைய குட்டி மோட்டார் விலைக்கு வந்தது. வயசான வண்டிதான். ஆனால் ஏழு வருஷத்தில் அறுநூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. துரையின் வீடு எதிர்த்தெருவில் இருந்தது. காலையில் வண்டி ஆபீஸ் வாசல் புளியமரத்தடிக்கு வரும், சாயங்காலம் திரும்பிப் போகும். அந்த மரத்துக் காக்கைகளின் தயவால் பெயிண்ட் மட்டும் பொரிந்து போயிருந்தது, அங்கங்கே ஒடுக்கு. மேல்பூச்சுத்தானே, ஒரு கை பெயிண்ட் அடித்தால் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடும் என்று வாங்கி, சோலோனில் ஒரு சீனர் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் ஆபீஸ் படுத்துவிட்டது.

தோணிக்காரர்கள் வந்தார்கள், மரத்தடியைப் பார்த்தார்கள், துரை இல்லை என்று திரும்பிப் போனார்கள். அரிசி வியாபாரிகளும் அப்படியே. புதுத் துரை முசே பியேர் அதிகாலையிலேயே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார், பாவம். மணியடித்தால் பியூன் வடிவேல் போகவில்லை. வண்டி இல்லாத நாளில் மணி எப்படி அடிக்கும் என்று என்னையே கேட்டான்.

மூன்றாம் நாள் துரை என்னைக் கூப்பிட்டார்.

"முசே எட்மோன், நான் எங்கே இருக்கிறேன்?"

"இங்கேதான், முசே."

"அதற்கு என்ன அத்தாட்சி?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஆகவே பொது நன்மையை முன்னிட்டு, வண்டி உடனே பழைய இடத்துக்குத் திரும்பவேண்டும் என்று உத்தரவாயிற்று. சீனர் அதற்குள் இடது பக்கம் மட்டும் நீலம் அடித்து முடித்திருந்தார். வலது பக்கம் காக்கைகள் விட்டபடியே இருந்தது. அதையும் அடித்துவிடலாமா என்று பணிவோடு கேட்டேன். இன்னொரு நாள் ராஜாங்கத்தை நிறுத்திவைக்கும் உத்தேசமா என்று துரை என்னைக் கேட்டார்.

துரை புத்திசாலி. வண்டி வாசலில் இருந்தால் தாம் உள்ளே இருக்கவேண்டிய அவசியமில்லை என்பதை ஒரே வாரத்தில் கண்டுகொண்டு, டென்னிஸ் ஆடப் போய்விட்டார். ராத்திரியும் ஞாயிறும்கூட வண்டி அங்கேயே நிற்கவேண்டும் என்றார். மேலதிகாரி ஞாயிறு பூசை முடிந்து அந்தத் தெரு வழியாகத்தான் போவாராம். ஓய்வு நாளிலும் உழைக்கிறான் பார் என்று அவர் மெச்சினாராம். நான் வண்டிக்குச் சொந்தக்காரன், அதனால் காலையில் அதைத் துடைக்கும் உரிமை மட்டும் எனக்கு இருந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தார்கள். மாரி-ரோஸ் அம்மாள் உட்காரும் முன்பே வாசலை எட்டிப் பார்த்தார். வேலை மிகுதியால் வண்டியை ஆபீசிலேயே விட்டிருக்கிறேன் என்று சொல்லி, எல்லோரையும் அங்கே நடத்திக்கொண்டு போனேன். பெண்களை நீலப் பக்கமாக நிறுத்தினேன். வடிவேல் வழக்கப்படி வண்டிக்கு ஒரு சலாம் வைத்தான். அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தால், மிஷேலைக் காணோம். மனுஷன் வலது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஜூலியேத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "எந்தத் துரைக்காக நிக்குது, சம்பந்தி?" என்றார்.

நான் நீலப் பக்கத்தை எட்டிப் பார்ப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நம்ம வண்டி மைத்தோவிலே மூணு வருஷமா நிக்குது. அவகிட்டே சொல்லிடாதீங்க."

அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டது அப்புறம்தான் உறைத்தது. அங்கேயே கையைப் பிடித்துக்கொண்டோம். திரும்பும்போது நல்ல மழை. மோட்டார் வைத்திருக்கும் இரண்டு குடும்பத்தாரும் தொப்பலாக நனைந்து, பரம சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தோம்.

கல்யாணம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நிச்சயமாயிற்று. துரையிடம் லீவு கேட்கப் போனேன்.

"செவ்வாய்க்கிழமை வண்டி நிற்குமல்லவா?"

"நிற்கும், முசே."

"அப்படியானால் நான் ஆபீசில் இருக்கிறேன். நான் இருக்கும்போது தலைமைக் குமாஸ்தா இல்லாமல் எப்படி?"

ஒரே மகள், முசே, என்றேன். துரைக்கு மனசு இளகிவிட்டது, நல்ல மனுஷர். எனக்குப் பதிலாகத் தாமே போய்ப் பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துச் செல்வதாகச் சொன்னார். நான் நன்றி தெரிவித்தேன், அதுவும் இரண்டு தரம்.

செவ்வாய்க்கிழமை கோயில் மணி ஆபீஸ் வரைக்கும் கேட்டது. மிஷேலுக்கும் லீவு கிடைக்கவில்லை. அவருடைய துரைதான் மைத்தோவிலிருந்து வந்து மாப்பிள்ளைத் தோழராக நின்றாராம். இரண்டு துரைமாரும் விருந்தில் மீன் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள் என்று மார்கரித் பிற்பாடு சொன்னாள். ஜூலியேத் கோயில் வாசலில் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்தாளாம். அதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று காலை ஒரு தோணிக்காரக் கிழவி வந்து, துரை இருக்கிறாரா என்று கேட்டாள். முக்கியமான வேலையாக இருக்கிறார், காத்திரு என்றேன். அவள் வண்டியைப் பார்த்தாள், நம்பி உட்கார்ந்துவிட்டாள். அந்த ஜனங்களுடைய பேதைமையை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அவளுடைய மனுவுக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு போய்த் துரையின் அறைக் கதவை மெல்லத் தட்டினேன். பதில் இல்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு தரம் தட்டிவிட்டு, உத்தரவுக்காக நின்றேன். உள்ளே யாரும் இல்லையென்று எனக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் வாசலில் வண்டி நிற்கிறதே.