விலாவா, வயிறா?

“விலாவுலதான் கிழிக்கணும் மாப்ளே. வயித்துல தையல் போட்டா, நாயி குதிக்கிற குதியில பிரிஞ்சு குடலு கீழ வந்துரும்!”

“போங்க மச்சான்! விலா வழியாப் போனா அந்தப் பக்கத்துச் சூலகம் கைக்கு எட்டுமா? தேடிக்கிட்டிருக்கையில ரத்தம் பீச்சி அடிச்சா என்ன செய்வீங்க? நடு வயித்துல கிழிச்சா ரெண்டும் கண்ணுக்கு நேரா நிக்கும்.”

கோட்டைச்சாமியும் அவருடைய தங்கை புருஷன் பிச்சைமணியும் போடிநாயக்கனூரில் ஆளுக்கொரு தெருவில் மாட்டு டாக்டர்கள். இரண்டு பேரும் சென்னையில் படித்தவர்கள். ஆகவே ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது.

ஏலத்தோட்ட முதலாளி ராமர் காதைப் பொத்திக்கொண்டார். அவருடைய காவல் நாய்கள் செவலையும் கருப்பியும் குட்டி போட்டுப் போட்டே மலையை நிரப்பிக்கொண்டிருந்தன. இனிமேல் குட்டியே போடாதபடி ஆபரேஷன் செய்யத்தான் இவர்களை ஜீப்பில் ஏற்றிவந்தார்.

“செவலை உங்களுக்கு, கருப்பி அவருக்கு. எது வெரசா தேறுதோ, அந்த டாக்டருக்குத்தான் இனிமே நம்ம தோட்டத்து மாடு, குதிரை அம்புட்டும்” என்றார் கோட்டைச்சாமியிடம்.

தோட்டம் போனால்கூடப் போகட்டும். தங்கை புருஷனிடம் தோற்றுவிட்டு எந்த மூஞ்சியோடு பொங்கலுக்குச் சீர் கொண்டுபோவது? கோட்டைச்சாமிக்கு அதுதான் கவலை.

ஆளுக்கொரு கொட்டகைக்குள் போனார்கள். கோட்டைச்சாமி செவலைக்கு மயக்க ஊசி போட்டுப் படுக்கவைத்து, விலாவை வழவழவென்று மழித்து, கத்தியை எடுத்தார். பாழாய்ப்போன மாப்பிள்ளையின் குரல் அப்போது பார்த்துத்தானா காதில் கேட்க வேண்டும்? எட்டுமா? ரத்தம் பீச்சினால்?

“ஒச்சம்மா, வெந்நி கொண்டா, வெரசா!”

நாய்களைக் கவனிப்பவளும் கொட்டகைகளில் கொண்டுவந்து விட்டவளுமான ஒச்சம்மாள் வெளியே போனதும், செவலையை மல்லாக்கப் புரட்டினார். வயிற்றை மழித்தார். கிழித்தார். படுபாவி சொன்னபடியே இரண்டும் கண்ணுக்கு நேராக நின்றன.

வெந்நீர் வருவதற்குள் வேட்டியைக் கிழித்து, கழுத்திலிருந்து வால்வரை சுற்றிவிட்டார்.

“எதுக்குங்கய்யா இம்புட்டுத் துணி?”

“விலாத் தையலுக்குக் குளிரு ஆகாது ஆத்தா. யாரும் அவுக்கக் கூடாது.”

செவலை துணியைக் கடித்து இழுத்தது. மேலே சாக்கைத் தைத்தார். சாக்கு அரித்தது, நாய் உருண்டு புரண்டது. கயிற்றால் இறுக்கினார். பாவம், செவலை நிற்க முடியாமல் பொத்தென்று சாய்ந்தது. எட்டிப் பார்த்தால் அந்தக் கொட்டகையில் கருப்பியும் கம்பளிக்குள் கிடந்தது.

‘வெட்கங்கெட்டவன், இதிலும் என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறான்!’

ஒரு வாரம் கழித்து ராமர் வந்தார். “கட்டை அவுங்க, பாப்போம்.”

கோட்டைச்சாமி செவலைக்கு முன்னால் வந்து மறித்துக்கொண்டார். “மொதல்ல அவரு நாய அவுக்கட்டும்!”

“மூத்தவரு நீங்க, நீங்க அவுங்க மச்சான்.”

மாப்பிள்ளையின் முகம் வியர்த்திருந்தது. ஆகா, வயிற்றுத் தையல் பிரிந்துவிட்டது! கோட்டைச்சாமிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்து குதித்தது.

“பாத்தீங்களா முதலாளி, பயந்துட்டாரு! விலாதான் ஒசத்தின்னு ஒத்துக்கச் சொல்லுங்க!”

“வயிறுதான்!”

“விலாதான்!”

ஒச்சம்மாள் கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தாள்.

“முதலாளி, டாக்டருக ரெண்டு பேரும் அடிச்சுக்கிற வேணாம், தப்பு எம்மேலதான். நாயை மாத்திக் குடுத்துட்டேன் போல. மழையில நனைஞ்ச கட்டைக் காலையில மாத்துனப்பத்தான் பாத்தேன், செவலைக்கு வயித்துல தையலு, கருப்பிக்குத்தான் விலாவுல இருக்கு!”