வைரக்கண்ணுவை இணைத்த வரலாறு

நெருப்புக்குப் பின் மனிதகுலம் கண்ட மாபெரும் சாதனம், குத்தாலத்தை அடுத்த எங்கள் ஊர் நெல் கூட்டுறவுச் சங்கத்தின் கணிப்பொறியே என்று ஐயந்திரிபற அறிவிக்கிறேன். உலகமயமாதல் எங்கள் வாய்க்கால்வரை வந்துவிட்டதற்கு அதன்மேல் போர்த்திய பட்டுத்துணியே சான்று.

அதனுள் இரண்டு அட்டவணைகள். நெல் கொண்டுவந்த உழவர்கள் ஒன்றில், பட்டாதாரர்கள் மற்றொன்றில். கணிப்பொறி இரண்டையும் இணைத்து, இரண்டிலும் இருப்பவருக்கே நெல் போட முறைச்சீட்டு 'அருளும்'. வைரக்கண்ணு முதல் அட்டவணையில் மட்டும் இருந்தார். அவர் உழும் நிலம் துபாயிலுள்ள அன்சாருடையது, குத்தகை வாய்ப்பேச்சு. ஆகவே இணைந்து வந்த பட்டியலில் அவர் இல்லை. அவருடைய குறுவை நெல்லோ களத்தில் குவிந்து கிடந்தது. வானமும் கறுத்து வந்தது.

"சார், ரெண்டு தூத்தல் விழுந்தா முளைச்சிடும். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று, ஊர்ப் பள்ளி ஆசிரியனான என்னை அழைத்துப்போனார். விடுப்பில் வந்திருந்த அன்சாரின் தம்பி பாசித்தும் உடன்வந்தான். துபாயில் அவனுக்குக் கணிப்பொறி வேலை.

செயலாளர் இராஜாங்கம் கணிப்பொறியைக் கும்பிட்டபின் எங்களைப் பார்த்தார்.

"எங்க நிலம்தாங்க. இவருதான் உழுவுறாரு. நானே சொல்றேன்" என்றான் பாசித்.

"நீங்க பட்டாதாரரோட தம்பி. பட்டாதாரர் இல்லையே? மெஷின் ஏத்துக்காதுங்க."

"லெஃப்ட் ஜாயின்னு போட்டா, பட்டா இல்லாத பேரும் விடுபடாம வரும்." பாசித் அந்தக் கட்டளையைத் தட்டினான். 'தொடரமைப்புப் பிழை' என்றது கணிப்பொறி.

இராஜாங்கத்தின் முகத்தில் பெற்றவரின் பூரிப்பு. "பழைய வெர்ஷன், தம்பி. புதுப் பேச்செல்லாம் அதுக்குக் காதுல ஏறாது."

"அப்ப பழைய பேச்சுலயே கேப்போம்."

பாசித் நிபந்தனை வரியின் ஓரத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டல்குறி இட்டான். அதே கட்டளைக்கு அந்தக் காலத்துக் குறி அது. அவ்வளவே! பட்டியலில் வைரக்கண்ணு வந்தார்; பட்டா எண்ணுக்குரிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"காலிக் கட்டத்துக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடுவேன்?" என்ற இராஜாங்கம், அச்சிட்ட பட்டியலில் அப்பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

"மெஷினே ஏத்துக்கிடுச்சேய்யா!" என்று அலறினார் வைரக்கண்ணு.

"மெஷினுக்கு என்னப்பா தெரியும்?"

அன்றே மழை பிடித்தது. நெல் களத்திலேயே பச்சைப்பசேலென முளைத்தது.

பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒத்துப்போகவில்லையே என்று அறிவியலாளர்கள் வருந்த வேண்டா. ஏடானாலும் சாகுபடிக் கணக்கான அடங்கலானாலும் கணிப்பொறியானாலும், உழுதவன் பெயரை மட்டும் பிசகாமல் அடிக்கவல்ல கை ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. அதற்கு இதுவரை எந்தப் பிழைச்செய்தியும் வந்ததில்லை.