பிரசவ அறைக்கு வந்த அருள்விளக்கு

வாடகை மண்டபத்தில் எள் விழ இடமில்லை. மேடையில் ஒரு விளக்கு எரிகிறது. அதைப் பார்க்கத்தான் இத்தனை தள்ளுமுள்ளு! விளக்கு எரிவது ஓர் அதிசயமா என்று கேட்டுவிடாதீர்கள். இது அருள்விளக்கு. ஜோதிச் சாமியார் தொட்டுக் கொடுத்த ஒரே பேட்டரியில் ஐந்து நாளாக அணையாமல் எரிகிறதாம். சார்ஜ் கிடையாது, ஒயர் கிடையாது, வெட்கமும் கிடையாது.

எண்பது எல்இடி பளீரென்று அடித்ததில் முன்வரிசைக்காரர்களுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. "கண்ணு கூசுது பாரு, அதான் அருள்!" என்று மெய்சிலிர்த்தார்கள். ஒன்றரை மணிக்கொரு முறை திரை விழும். "மௌனம்!" என்பார் சீடர். கூட்டம் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். திரை விலகினால் விளக்கு புதுத்தெம்போடு எரியும். அதென்ன ஒன்றரை மணிக் கணக்கு என்று ஒரு ஜீவனும் கேட்கவில்லை.

பிரசவ ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் மட்டும் கேட்டார். காரணம் இருந்தது. ஆஸ்பத்திரி மேனேஜர், பிரசவ அறையின் எமர்ஜென்சி லைட்டைக் கழற்றிவிட்டு அருள்விளக்கு மாட்டப்போகிறார். கரண்டு போனால் மூன்று மணி நேரம் வராத ஊர் அது. அந்த அறைக்குள் இந்த வாரமே போகவேண்டியவள் எலக்ட்ரீஷியனின் கூடப்பிறந்த தங்கை.

"சார், பேட்டரி லைட்டுக்குக் கண்ணு கூசுறது முக்கியமில்ல. கொஞ்சமா கரண்டு குடிச்சு, அறை முழுக்க வெளிச்சம் தரணும். இது நாப்பது வாட் குடிக்குது. நான் பொறுக்கி எடுத்த எல்இடிக்கு ஆறு வாட் போதும்."

"சாமி விளக்குலயே வாட் பாக்கறியா? நாக்கு அழுகிடும்!" என்றார் மேனேஜர்.

"அழுகட்டும் சார். பாதித் தையல்ல லைட்டு போச்சுன்னா என் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?"

"ரெண்டையும் எரியவிட்டுப் பாத்துடலாமே" என்றார் தலைமை நர்ஸ்.

சேதி மண்டபத்துக்குப் போனதும், அருளுக்கே பரிசோதனையா என்று சாமியார் சீறினார். பக்தர்கள் விட்டால்தானே! "வைங்க சாமி, இவன் மூக்கு உடையட்டும்!" என்று அவர்களே அவரை மாட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணி, அதே மண்டப மேடை. ஒரே மாதிரி இரண்டு பேட்டரி. பிடித்ததைச் சாமியாரே எடுத்துத் தொட்டு அருளினார். விளக்குக்கு ஒன்றாகப் பொருத்தியதும், இரண்டு பேட்டரிப் பெட்டிகளின் மூடிமேலும் நர்ஸ் பிளாஸ்திரி ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். திரையைக் கழற்றி மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பதினொன்றரைக்குச் சீடர், "மௌனம்!" என்றார்.

"தாராளமா. பாத்துக்கிட்டே மௌனமா இருக்கோம்" என்றார் நர்ஸ்.

அருள்விளக்கு மங்கியது, மினுக்கியது, பன்னிரண்டுக்கு முன்பே பொசுக்கென்று அணைந்தது. பக்கத்தில் ஆறு வாட் விளக்கு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நாத்திகன் கண்ணு பட்டுடுச்சு!" என்று கத்திக்கொண்டே சாமியார் வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார். பின்னால் ஓடிய சீடரின் கையிலிருந்து பூக்கூடை நழுவியது. பூவுக்கடியிலிருந்து பேட்டரிகள் தடதடவென்று விழுந்தன. எண்ணினால் பதினொன்று. ஒரு பக்தர் அதிலும் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்! இந்த வியாதிக்கு எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது?

மேனேஜர் ஈனசுரத்தில் கேட்டார்: "உன் லைட்டு இன்னும் எரியுதே, அதுல என்னப்பா மந்திரம்?"

"வகுத்தல் சார். பேட்டரியில எவ்வளவு இருக்கு, லைட்டு எவ்வளவு குடிக்குதுன்னு வகுத்தா, எத்தனை மணி நேரம்னு வந்துடும். பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும்தான் சொல்லிக்குடுத்தாங்க. என் தங்கச்சி அந்த அறைக்குள்ள போறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை வகுத்துப் பாருங்க. மூளையை உபயோகிச்சா தீந்து போயிடாது சார், அது பேட்டரி இல்ல."