சிரிப்பை விசாரிக்கிறவர்

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் சிரித்துக்கொண்டிருக்கும்போது படத்தை அப்படியே நிறுத்திவிட்டு, "இப்ப எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்பவர். சிரிப்பை விசாரிக்கிற இனம். பட்டம் வாங்கிய ஆறாவது மாதத்தில் இந்தக் குணம் தலைகாட்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் மூன்றாவது மாதத்திலேயே.

திண்டிவனத்துத் தென்னரசு இந்த இனத்தில் முற்றிய ரகம். அவர் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது, இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஊரே சிரித்த 'எட்டாம் நம்பர் போர்ஷன்' என்ற தொடர். நூற்று நான்கு பகுதிகள். வீட்டுக்காரர் சிவப்பு, வேலைக்காரி முனியம்மா கறுப்பு, மாடியில் குடியிருக்கும் ஆப்பிரிக்கர் அதைவிடக் கறுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் மை பூசியிருக்கிறார்கள் என்பதை, அவர்கள் சாய்ந்த சுவரில் படிந்த கறையை வைத்துக் கண்டுபிடித்தார். கூர்க்கா என்றால் கண்ணோரம் டேப். மனைவி என்றால் பூரிக்கட்டை. எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினார். எழுதியது அத்தனையும் நியாயம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ணா, எப்பப் பாரு பொம்பளைங்களே டீ எடுத்தாந்து குடுக்குறாங்களே, அதுவும் தப்பா?" என்றாள் தங்கை பிரபாவதி.

"அதான் முதல் தப்பு. எனக்கொண்ணு சக்கரை கம்மியா போட்டு எடுத்துட்டு வா."

கட்டுரை, விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றின் கருத்தரங்குக்கு. நன்றாக அமைந்தால் துறைத்தலைவர் தற்காலிக விரிவுரையாளர் வேலைக்குக் கூப்பிடுவார் என்று பேச்சு. இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருப்பவருக்கு இது உயிர் இல்லையா? ஆகவே வீட்டில் சட்டம் வந்தது: சிரிக்க வேண்டுமென்றால் எழுந்து பின்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வர வேண்டும். அம்மா ஜெயம் ஒரு பகுதிக்கு ஏழு தடவை போய் வந்தார்.

கட்டுரைக்கு ஒன்றுதான் குறை. மனம் புண்பட்ட ஓர் ஆள் வேண்டும். ஜெயம் இரண்டு வீடுகளில் பெருக்கித் துடைப்பவர். வேறெங்கே தேடுவது?

"முனியம்மாவப் பார்த்தா உனக்கு வலிக்கலயாம்மா?"

"முட்டிதான்டா வலிக்குது. எத்தினி தடவ எழுந்து போறது?"

"மனசு?"

"அவ மொதலாளிய எதுத்துப் பேசறா பாரு, அது சூப்பரா கீது. நான் பேசினா வுடுவாங்களா?"

"ஆறுதல் மாதிரி காட்டி அடக்கறதும்மா அது!"

"பேஜாரு பண்றியே. சரி, கொஞ்சமா வலிக்குதுன்னு எழுதிக்க."

மகன் மேடையேறுவதைப் பார்க்க ஜெயமும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார். திரையில் முனியம்மா பெருக்கும் காட்சி ஓடியது. பேராசிரியர்கள் துக்கம் கேட்க வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து வெடித்துக்கொண்டு வந்தது ஒரு சிரிப்பு. ஜெயம்தான்.

தலைமை தாங்கிய துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா சிரிக்கிறீங்க?"

"பின்ன இன்னா சார்? தலைக்கு மேல ஃபேன ஓடவுட்டுக்கினு பெருக்கறா! குப்ப முழுக்க அவ மூஞ்சிக்குத்தான் வரும். இத எழுதினவரு ஒரு நாளாவது தொடப்பத்தத் தொட்டிருப்பாரா?"

அரங்கம் அதிர்ந்தது. துறைத்தலைவரே கைதட்டினார். நூற்று நான்கு பகுதிகளையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்த தென்னரசுவின் கண்ணில் அந்த மின்விசிறி ஒரு தடவைகூடப் பட்டதில்லை.

"பிரமாதம். யாருப்பா இவங்க?"

தென்னரசு வாயைத் திறந்தார். எத்தனை பேராசிரியர்கள், எத்தனை இஸ்திரி போட்ட சட்டைகள். வாயிலிருந்து வந்தது வேறு.

"என்னுடைய களத் தகவலாளர், சார்."

வேலை அன்றைக்கே உறுதியாகிவிட்டது. திரும்பும்போது, பஸ் விக்கிரவாண்டி தாண்டியதும் ஜெயம் மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார்: "நல்லாதான் சமாளிச்சடா. அம்மான்னு சொல்லிருந்தா குடுத்திருக்க மாட்டாங்க."

தென்னரசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதுவரை சிரித்தவர்களே, எந்த இடத்தில் சிரித்தீர்கள்? யாரைப் பார்த்து? அட, சிரிக்கவே இல்லை, ஜெயத்துக்காகக் கோபம்தான் வந்தது என்கிறீர்களா? அப்படியானால் இன்றைக்கே உங்கள் வீட்டாரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: நீங்கள் வெளியே கிளம்பிப் போன பிறகு அவர்கள் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று.